மூக்கு லேசாக இருந்த ட்ராலி

கண் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆனபோது உலகநாதனுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று. புரை விழுந்து புகைமூட்டமாகத் தெரிந்த உலகத்தில் எட்மண்ட் என்று ஒருவன் இல்லை. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் எட்மண்ட்தான் தெரிந்தான்.

ஹைதராபாத் நாச்சாரத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் யார்டு அது. முதலாளி அப்துல் ரஹீம் பாய். ஷெட்டில் ஏழு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் இரண்டு சக்கர ட்ராலியின்மேல் உட்கார்ந்திருக்கும். கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, கட்டடம் எழும்பும் இடமோ, கூப்பிட்ட இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். இழுப்பதற்கு இருந்தது ஒரே ஒரு ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, நீளம் குறைந்த ஜீப். முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாது. யார்டில் அதற்குக் 'குட்டை' என்றுதான் பெயர்.

குட்டை எந்தச் சந்துக்குள்ளும் நுழையும், சேற்றில் ஏறும், மண்டபத்தின் பின்வாசலில் நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனால் தன்னைவிடக் கனமான ட்ராலியைப் பின்னால் மாட்டிவிட்டால் அதற்கு வேறு புத்தி வந்துவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீரிங்கை ஒரு விரல் கூடுதலாகத் திருப்பினாலும் ட்ராலி மடங்கி ஜீப்பின் விலாவில் இடிக்கும். பதினொரு வருஷம் அந்தப் புத்தியோடு குடித்தனம் நடத்தியவன் உலகநாதன். அவன் அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வந்தவர். மகனுக்கு ரயில்வே வாய்க்கவில்லை, குட்டை வாய்த்தது. அதில் அவனுக்குக் குறையே இருந்ததில்லை.

எதிரே வருவது ஒரு ஆட்டோவா இரண்டு ஆட்டோவா என்று சந்தேகம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். நாற்பது நாள் வண்டியைத் தொடக் கூடாது என்றார்கள். அந்த நாற்பது நாளுக்குப் பதில் ஆளாக வந்தவன்தான் எட்மண்ட். போலாரத்துக்காரன். ராணுவ முகாமில் இருபத்தாறு வருஷம் பெரிய லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவன். நாற்பது நாள் எழுபதாயிற்று, எழுபது தொண்ணூறாயிற்று. நாற்பது நாள் முடிந்து உலகநாதன் வேலைக்குத் திரும்பியபோதே பாய் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"கண்ணு நல்லா செட் ஆகட்டும் உலகு. அது வரைக்கும் ஹெல்பரா இரு. அவசரம் கைக்கு?"

ஏன் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சில் 'கைக்கு'. அன்றிலிருந்து உலகநாதன் ஹெல்பர்.

எட்மண்ட் நெட்டை. வந்த முதல் நாளே சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டான். உலகநாதன் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த இடத்தில் ஒரு நீல மெத்தையைப் போட்டான். கண்ணாடியைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பினான். காலையில் உலகநாதனுக்கு மூன்று முறை இருமிக் காட்டிவிட்டுத்தான் குட்டை கிளம்பும். எட்மண்ட் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே கிளம்பியது. பாய் பேட்டரியை மாற்றியிருந்தார், வேறு ஒன்றும் மாயமில்லை. அது தெரிந்தும் உலகநாதனுக்கு மனசு ஆறவில்லை. பதினொரு வருஷம் கேட்டும் மாற்றாத பேட்டரி. எட்மண்ட் ஒரே ஒரு தடவை, "பாய், பேட்டரி இஸ் டெட், மேன்," என்றான். மறுநாள் வந்துவிட்டது.

இன்னொன்றும் உறுத்தியது. எட்மண்ட் அவனை 'அண்ணே' என்று கூப்பிட்டான். இரண்டு வயது மூத்தவன் எட்மண்ட்தான். ஆனாலும் வாய் நிறைய அண்ணே. "அண்ணே, டீ ஆறுது." "அண்ணே, நீங்க உக்காருங்க, நான் பார்த்துக்கறேன்." அந்த அண்ணேயில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் உலகநாதனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

யார்டு கேட்டுக்கு வெளியே ஒரு ஏற்றம் உண்டு. மழை பெய்தால் அது களிமண் குழம்பு. புரட்டாசியில் ஒரு நாள் கொட்டித் தீர்த்தது. பின்னால் இரண்டு டன் ட்ராலி. இன்றைக்கு மாட்டிக்கொள்வான் என்று உலகநாதன் ஷெட்டுக்குள் நின்று பார்த்தான். அந்த ஏற்றத்தில் குட்டையை ஏற்ற ஒரு பக்குவம் வேண்டும். நாலு சக்கரத்தையும் சேர்த்து, சின்ன கியரைப் போட்டு, கிளட்சை முட்டை ஓட்டைப் பிரிக்கிற மாதிரி விட வேண்டும். வேகமாக விட்டால் பின்னால் இருக்கிற கனம் இழுத்து முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஸ்டீரிங் வெறும் சட்டியாகிவிடும். அந்தப் பக்குவம் வர உலகநாதனுக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. எட்மண்ட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முன் டயரைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் ஏறிப் போனான்.

"வாரே வா!" என்று கை தட்டினான் வாட்ச்மேன் ராமசுவாமி. பிறகு உலகநாதன் பக்கம் திரும்பி, "உன் சக்களத்தி கெட்டிக்காரிடோய்," என்று சிரித்தான்.

உலகநாதனும் சிரித்து வைத்தான்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் விடவில்லை. மனைவி பானு ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஹப்சிகுடாவில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை உலகநாதன் ஒரு நாள் யார்டிலேயே மறந்து வைத்துவிட்டு வர, எட்மண்ட் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"எவ்ளோ டீசெண்டான ஆளு! வாசல்லயே நின்னாரு, உள்ள வான்னாலும் வரல. 'அக்கா, அண்ணன் கண்ணுல தூசி படாம பார்த்துக்கங்க'ன்னாரு. நீ ஏன் அந்த மாதிரி ரெண்டு வார்த்தை நல்லா பேசமாட்டேங்கற?"

"அவன் பேச்சு நக்கோ பானு. வேணாம்."

"கைக்கு?"

"நக்கோன்னா நக்கோ."

"ஹவ், ஆமா, புரிஞ்சது," என்றாள் அவள். "கண்ணுல புரையை எடுத்துட்டாங்க. உள்ள இருக்கறதை எந்த டாக்டர் எடுப்பான்?"

உலகநாதன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டான். சோறு பாதி அப்படியே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பாய் தொழுகை முடிந்து வந்து இரண்டு பேரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். போலாரத்தில் ஒரு பழைய பங்களா. அதில் ஞாயிற்றுக்கிழமை பகல் கல்யாண விருந்து. பந்தல் போடுகிறவர் பெரிய ஆள். இந்த ஒரு வேலை சுத்தமாக முடிந்தால் இந்த சீசன் முழுக்க அவருடைய கல்யாணங்கள் எல்லாம் நம் யார்டுக்குத்தான் என்றார்.

"ஒரு ஜீப்பு, ரெண்டு டிரைவரு. இந்தத் தலைவலி எனக்கு கைக்கு, நீங்களே சொல்லுங்க," என்றார் பாய். "உலகு பழைய ஆளு. எட்மண்ட் நல்ல ஆளு. ஞாயித்துக்கிழமை எட்மண்ட் கொண்டுபோகட்டும், அவன் ஊரு, வழி தெரியும். நல்லபடியா போய் வந்தான்னா சாவி அவன்கிட்டயே இருக்கட்டும். உலகு, நீ ஹெல்பராவே இருந்துக்கோ. இந்த வயசுல உனக்கும் ஆராம், ரெஸ்டு."

உலகநாதன் தலையை ஆட்டினான்.

வெளியே வந்ததும் எட்மண்ட் தயங்கி நின்றான். "அண்ணே, நான் கேக்கல இதை. காட் பிராமிஸ்."

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றான் உலகநாதன்.

அவன் கேட்கவில்லை என்பதும் உலகநாதனுக்குத் தெரியும். தான் பதினொரு வருஷம் காப்பாற்றி வைத்ததைக் கேட்காமலே ஒருவன் வாங்கிக்கொண்டு போகிறானே என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு உலகநாதன் யார்டுக்குப் போனபோது ட்ராலியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. ஏற்றுவது ஹெல்பர் வேலை. அதையும் எட்மண்டே செய்து முடித்து, பனியன் நனைந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க வெயிட்டு தூக்கக் கூடாதுண்ணே. கண்ணுக்கு ப்ரஷர் ஏறும். அதான் சீக்கிரம் வந்துட்டேன்."

இதையாவது விட்டு வைத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே உலகநாதன் ட்ராலியைச் சுற்றி வந்தான். நடுவில் ஜெனரேட்டர். அதற்கு முன்னால், ஜீப்பை ஒட்டிய பக்கம், காலியாக இருந்தது. டீசல் டிரம்மும் நாலு சுருள் கேபிளும் பின்பக்கம், சக்கரத்துக்கு அப்பால், கடைசியில் வரிசையாக நின்றன.

"பின்னாடி வெச்சிருக்கே?"

"ஹவ், அண்ணே. முதல்ல எது எறக்கணுமோ அது டெயில்ல இருக்கணும். ஆர்மில அப்படித்தான். போன உடனே டீசல், கேபிள். கதவைத் திறந்தா கையில வந்துடும்."

பெரிய லாரி ஓட்டினவன் புத்தி அப்படித்தான் போகும். உலகநாதன் வேலைக்குத் திரும்பும் வரை பழைய ஹெல்பர் சாமான் ஏற்றினான், அதன் பிறகு உலகநாதன். கனத்தை எப்போதும் முன்னால் வைத்தான், ஏன் வைக்கிறேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. எட்மண்டும் கேட்டதில்லை.

யார்டில் ஒரு வழக்கம் உண்டு. ட்ராலியிலிருந்து முன்னால் நீண்டு ஜீப்பின் கொக்கியில் சேருகிற இரும்புத் தண்டின் நுனியை மூக்கு என்பார்கள். ஜீப் பின்னால் வந்து நின்றதும் ஹெல்பரும் வாட்ச்மேனும் சேர்ந்து மூக்கைத் தூக்கிக் கொக்கியில் வைப்பார்கள். இரண்டு ஆள் பல்லைக் கடித்துத் தூக்கினால்தான் மூக்கு எழும்ப வேண்டும். ஒரே ஆளுக்கு எழும்பினால் பின்பாரம் அதிகம் என்று அர்த்தம், அந்த ட்ராலி கேட்டைத் தாண்டக் கூடாது. பின்பாரம் அதிகமானால் ஓட்டத்தில் ட்ராலி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். நீண்ட லாரி அந்த ஆட்டத்தைத் தாங்கும். குட்டையை அது தன்னோடு சேர்த்து ஆட்டிவிடும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. தூக்குகிறவனுடைய இடுப்புக்குத் தெரியும். அவன் "கனம் சரி" என்று குரல் கொடுத்த பிறகுதான் டிரைவர் கியர் போடுவான்.

எட்மண்ட் குட்டையைப் பின்னால் எடுத்தான். மூன்று மாதத்தில் அதுவும் கை வந்திருந்தது. கொக்கி மூக்குக்கு நேராக வந்து நின்றது, ஒரு அங்குலம் பிசகவில்லை. ராமசுவாமி பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தான்.

அவன் வருவதற்குள் உலகநாதன் குனிந்து மூக்கில் கை வைத்தான். சும்மா பார்க்கலாம் என்றுதான் வைத்தான். காலிச் சட்டியைத் தூக்குகிற மாதிரி அது மேலே வந்தது.

அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றான். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிரம்மை உருட்டி முன்னால் வைக்கக் கால் மணி நேரம். எட்மண்ட், "தேங்க்ஸ் அண்ணே," என்பான். நல்லபடியாகப் போலாரம் போவான். நல்லபடியாகத் திரும்பி வருவான். சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

"இருடா, வரேன்," என்றான் ராமசுவாமி.

"வேணாம். நீ உக்காரு. ஆயிடுச்சு," என்று உலகநாதன் கையை வீசி அவனைத் தடுத்தான். மூக்கைக் கொக்கியில் வைத்தான். பின்னைச் செருகினான்.

"அண்ணே? கனம்?" என்று எட்மண்ட் முன்னாலிருந்து கேட்டான்.

"கனம் சரி," என்றான் உலகநாதன்.

பெரிதாக ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கொஞ்சம் ஆடும். இவன் பயந்து ஓரம் கட்டுவான். போய்ச் சேர மதியமாகும். பந்தல்காரன் பாய்க்குப் போன் போட்டுக் கத்துவான். அவ்வளவுதான், அதற்கு மேல் தனக்கு வேண்டாம். அப்படி எண்ணிக்கொண்டு எட்மண்டின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

மல்லாப்பூர் வரைக்கும் ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால் வேகமில்லை. குட்டை சாதுவாகப் போயிற்று. எட்மண்ட் பேசிக்கொண்டே ஓட்டினான்.

"என் வைஃப் சாரா கேட்டா அண்ணே, உங்களையும் அக்காவையும் ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னா. சண்டே வாங்க. அவ பண்ற மட்டன் கறி சாப்ட்டா நீங்க ஊருக்கே போகமாட்டீங்க, மேன்."

"பார்க்கலாம்."

"பாய் சொன்னதுல கோவமா அண்ணே?"

"கோவம் என்ன."

"நான் வேற இடமும் பார்த்துட்டுத்தான் இருக்கேன். ஸ்கூல் பஸ் ஒண்ணு சொல்லியிருக்காங்க. கிடைச்சா போயிடுவேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

உலகநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். போகிறவன் முன்னாலேயே போயிருக்கக் கூடாதா என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

மௌலாலியில் ரயில் பாதைக்கு மேலே போகிற பாலத்தில் ஏறும்போது மூக்கு லேசாக இருந்ததால் குட்டையின் பின்பக்கம் மெல்ல எழும்பி எழும்பி உட்கார்ந்தது. உச்சிக்கு வந்தார்கள். இறக்கம். ஞாயிறு காலை, ரோடு திறந்து கிடந்தது. எட்மண்ட் காலைத் தளர்த்தவில்லை. ஐம்பதைத் தொட்டது முள்.

முதலில் ஒரு சின்ன அசைவு. யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிடுகிற மாதிரி. எட்மண்ட் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பிச் சரி செய்தான். அந்தத் திருப்பலே போதுமாக இருந்தது. ட்ராலி இடது பக்கம் போய் வலது பக்கம் வந்தது. வரும்போது குட்டையின் பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஆட்டம் இன்னும் பெரிது. டீசல் டிரம் தகரத்தில் மோதுகிற சத்தம் கேட்டது.

"வாட் இஸ் திஸ்! அண்ணே, வாட் இஸ் திஸ்!"

பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். அதில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் தலையில் ரிப்பன் கட்டின ஒரு குழந்தை. ட்ராலியின் சக்கரம் அவர்களை நோக்கிப் போய், கை நீளத்தில் திரும்பி வந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்து அலறுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

எட்மண்டின் கால் பிரேக்கை நோக்கிப் போவதை உலகநாதன் பார்த்தான். மிதித்தால் முடிந்தது. முன்னால் குட்டை நிற்கும், பின்னால் இரண்டு டன் நிற்காது, இரண்டும் மடங்கிப் பாலத்தின் சுவரில் போய் அடிக்கும். அது தெரிந்தும் அவன் வாய் உடனே திறக்கவில்லை. அந்த அரை நொடியை அவன் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். பயத்தில் அடைத்துக்கொண்டதா, வேறு எதிலாவதா என்று அவனுக்கே தெரியவில்லை.

"மிதிக்காதே!" என்று கத்தினான். "பிரேக்கைத் தொடாதே! ஆக்சிலேட்டரை விடு! ஸ்டீரிங்கை நேராப் பிடி, திருப்பாதே, என்ன ஆடினாலும் திருப்பாதே!"

இருபத்தாறு வருஷம் உத்தரவுக்குப் பழகியவன் எட்மண்ட். சொன்னபடி செய்தான். ஸ்டீரிங்கை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். குட்டை இன்னும் நாலு முறை துள்ளியது. இடது பக்கச் சுவர்க் கல்லில் ட்ராலியின் மட்கார்டு உரசி நெருப்புப் பறந்தது. பிறகு வேகம் குறையக் குறைய ஆட்டம் தளர்ந்து, பாலம் இறங்கி முடியும் இடத்தில் ஓரமாக நின்றது.

ஸ்கூட்டர்காரன் முன்னால் நிறுத்தி, திரும்பி வந்து, தெலுங்கில் வாய்க்கு வந்தபடி வைதான். எட்மண்ட் இறங்கி இரண்டு கையையும் கூப்பி நின்றான். குழந்தை அழவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உலகநாதனையே பார்த்தது. ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அதன் முகம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு எட்மண்ட் ட்ராலியைச் சுற்றி வந்தான். பின்னால் டிரம் சாய்ந்து கேபிளின்மேல் கிடந்தது.

"லோடு தப்பா வெச்சேன், இல்லையா அண்ணே? பின்னாடி வெச்சது தப்பு."

"ஆமா."

"லாரில ஒண்ணும் தெரியாது. இது குட்டை வண்டி. நான் யோசிச்சிருக்கணும். ஐ ஆம் எ ஃபூல்." செல்போனை எடுத்துப் பாயைக் கூப்பிட்டான். உலகநாதனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுப் பானட்டின்மேல் வைத்தான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

"வண்டி?" என்றது பாயின் குரல்.

"வண்டி ஓகே பாய். ட்ராலி மட்கார்டு மட்டும் நசுங்கிடுச்சு. தப்பு என்னுது. லோடு வெச்சது நான். அண்ணன் இல்லேன்னா இன்னிக்கு ரெண்டு பேரும் போயிருப்போம். பாய், ஒண்ணு சொல்றேன். குட்டை அண்ணன்கிட்டயே இருக்கட்டும். அது அவருக்குத்தான் படியும். எனக்கு நான் வேற பார்த்துக்கறேன்."

"ஹவ், சரி. சாவியை உலகு கையில கொடு. மொதல்ல பத்திரமா போய்ச் சேருங்க," என்றார்.

எட்மண்ட் சாவியை எடுத்து நீட்டினான். முகத்தில் வேர்வையும் சிரிப்பும் கலந்திருந்தன. "வாங்கிக்கோங்க அண்ணே."

மூன்று மாதமாகத் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்த சாவி. உலகநாதன் கையை நீட்டவில்லை. தூக்கினவர் நீங்கதானே, உங்களுக்குத் தெரியலையா என்று எட்மண்ட் கேட்பான் என்று காத்திருந்தான். கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யும் தயாராக இருந்தது. அவன் கேட்கவே இல்லை. அந்தச் சந்தேகம் அவனுக்குத் தோன்றக்கூட இல்லை. பறித்து வாங்கியிருக்க வேண்டியதை இவன் பிச்சை போடுகிற மாதிரி, அதுவும் மனசார, சிரித்துக்கொண்டு கொடுக்கிறான். இதிலும் இவனே மேலே நிற்கப் போகிறான் என்று நினைத்தபோது உலகநாதனுக்கு அடிவயிற்றிலிருந்து பழைய எரிச்சல் கிளம்பி வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"எனக்குத் தெரியும்."

"என்னது?"

"மூக்கைத் தூக்கும்போதே தெரியும். ஒத்தக் கையில வந்துச்சு. ராமசுவாமியை வேணும்னுதான் வராதேன்னேன். கனம் சரின்னு பொய் சொன்னேன்."

எட்மண்டின் சிரிப்பு உடனே போகவில்லை. அது என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"ஏன்?"

உலகநாதன் சாவியைப் பார்த்தான். எட்மண்டும் அதைப் பார்த்தான்.

"நீயும்தானே பக்கத்துல உக்காந்திருந்தே," என்றான் எட்மண்ட் கடைசியில். குரல் மிகத் தணிவாக இருந்தது. "உனக்கும் வீட்ல ஒருத்தி இருக்கா இல்ல? அந்த ஸ்கூட்டர்ல கொழந்தை. பார்த்தியா நீ?"

'அண்ணே' போய்விட்டது. 'நீங்க' என்பதும் போய்விட்டது.

"பார்த்தேன்."

"எங்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா."

"அதான்," என்றான் உலகநாதன். "அதான் கேக்கல."

எட்மண்டுக்கு அது விளங்கவில்லை. விளங்காத முகத்தோடு சாவியைப் பானட்டின்மேல் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு ட்ராலியில் ஏறினான். இரண்டு பேரும் சேர்ந்து டிரம்மை உருட்டி ஜெனரேட்டருக்கு முன்னால் கொண்டுவந்து கட்டினார்கள். கேபிள் சுருள்களை மாற்றி அடுக்கினார்கள். 'பிடி', 'விடு', 'இன்னும் கொஞ்சம்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. முடிந்ததும் எட்மண்ட் மூக்கின்மேல் கால் வைத்து ஏறி, இறங்கி, தானே பின்னைச் சரிபார்த்தான்.

"பாய்கிட்ட சொல்லுவியா?" என்று உலகநாதன் கேட்டான்.

"ஒரு தடவை சொன்னதை மாத்திச் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. ஓட்டு. பங்களாவுக்கு நான் வந்துடறேன். எறக்கித் தரேன், அது என் டூட்டி." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "ஆனா உன் வண்டில ஏறமாட்டேன்."

பஸ் ஸ்டாப் இருக்கிற பக்கம் நடந்து போனான்.

உலகநாதன் சீட்டில் ஏறினான். கால் கிளட்சுக்கு எட்டவில்லை. நீல மெத்தையை எடுத்துப் பக்கத்துச் சீட்டில் போட்டு, சீட்டை முன்னால் இழுத்தான். கண்ணாடியைத் திருப்பினான். சாவியைப் போட்டதும் முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. முன்னால் கனம் வந்துவிட்டதால் ட்ராலி இப்போது தண்டவாளத்தில் வருகிற மாதிரி நேராக வந்தது. முப்பதுக்கு மேல் அவன் போகவில்லை.

கொஞ்ச தூரத்தில் போலாரம் பஸ் அவனைத் தாண்டிப் போய் அடுத்த ஸ்டாப்பில் நின்றது. அதன் பின்னாலேயே குட்டையும் நிற்க வேண்டி வந்தது. கடைசி சீட்டில் எட்மண்ட் உட்கார்ந்திருந்தான். பின் கண்ணாடி வழியாகப் பிடரியும் தோளும் தெரிந்தன. பக்கத்திலிருந்த கிழவர் அவனிடம் ஏதோ கேட்டார். அவன் அவர் பக்கம் குனிந்து பதில் சொன்னான். கிழவர் சிரித்தார். நகர்ந்து அவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒருத்தர் சிரித்து இடம் கொடுக்கிறார். உலகநாதனுக்கு இரண்டு கையிலும் ஸ்டீரிங் இருந்தது. இனி அதை யாரும் வாங்கப் போவதில்லை. ஆனாலும் கண் அந்தப் பின் கண்ணாடியை விட்டு வரமாட்டேன் என்றது.

பஸ் கிளம்பியது. பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள். உலகநாதன் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனான்.